எல்லாம் இருக்கிற புத்தகம்

“அண்ணை, டேட்டாபேஸ் படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கோ. எல்லாம் இருக்கிறதாப் பாத்துச் சொல்லுங்கோ. மாமா லண்டனிலயிருந்து ஆவணியில வாறார், ஒண்டுதான் கொண்டரலாமாம். பாரம் கூடிப் போகுமாம்.”

மானிப்பாயில் கொம்பியூட்டரோடு மினக்கெடுகிற ஆள் என்று பேர் எடுத்துவிட்டால் இப்படியான கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். மாமா மாறுவார், நாடு மாறும், கேள்வி மாறாது. கேட்கிற பிள்ளையின் பக்கத்தில் நியாயமும் இருக்கிறது. ஒன்றுதான் வரும் என்றால் அது தடித்ததாக இருக்கட்டும் என்றுதானே யாரும் நினைப்பார்கள். ஏ/எல் ஐசிரி செய்த பிள்ளைக்குத் தரவுத்தளம் புதுச் சங்கதி இல்லை. அட்டவணை, முதன்மைச் சாவி, அந்நியச் சாவி எல்லாம் ரியூசனில் பாடமாக்கியாயிற்று. பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிஐரி வெளிவாரிப் பட்டத்துக்கோ வேறொன்றுக்கோ பதிகிறது. அங்கே எல்லாம் ஆங்கிலம். பாடத்திட்டத்தின் அடியில் இருக்கிற நூற்பட்டியலில் ஆயிரம் பக்கத்துப் புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. பயந்துபோய் ஆரிடமாவது கேட்கத்தான் வேணும்.

என்னுடைய பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். தடித்த புத்தகத்தை வாசிப்பதற்கென்று வாங்க வேண்டாம், தேடுவதற்கென்று வாங்குங்கள். தேட வெளிக்கிட முதல் கையில் கேள்வி இருக்க வேண்டும். கேள்வி இல்லாதவன் வீட்டில் அந்தப் புத்தகம் அலுமாரிக்கு மேல் ஏறி, அதற்கு மேல் இஸ்திரிப்பெட்டி ஏறும். நான் கண்ணால் கண்டது.

இதை மானிப்பாயில் இருந்துகொண்டு சொல்லும்போது எனக்கு ஒரு சின்னச் சிரிப்பும் வரும். எல்லாம் இருக்கிற புத்தகம் செய்வதில் இந்த ஊருக்கு நல்ல அனுபவம். 1842இல் அமெரிக்க மிஷன் அச்சியந்திரசாலை இங்கேதான் ஓர் அகராதியை அச்சிட்டு வெளியிட்டது. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள். சந்திரசேகர பண்டிதர் தொகுத்தது. ஏறக்குறைய 58,500 சொற்கள். அதற்கு முந்தின வருஷம்தான் அதே அச்சியந்திரசாலையில் இருந்து உதயதாரகைப் பத்திரிகை வரத் தொடங்கியிருந்தது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குகிற காலத்தில் ஐம்பத்தெட்டாயிரம் சொல்லை அடுக்கி முடித்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு எக்செல் கோப்பில் ஐந்நூறு வரி சரிபார்க்கவே கண் கட்டுகிறது.

அந்த அகராதிக்கு முந்தி எங்கள் ஆட்கள் சொல் தேடினது நிகண்டில். சேந்தன் திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி நிகண்டு. இவற்றின் அடுக்கு முறையை ஒருக்கால் பாருங்கள். தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மக்கட் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று போகும். எல்லாம் செய்யுள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதை மனப்பாடம் பண்ணினார்கள். யானைக்கு எத்தனை பெயர் என்று கேட்டால் சூத்திரத்தை ஒப்புவிப்பார்கள். ஆனால் எங்கோ ஒரு பாட்டில் தெரியாத ஒரு சொல் வந்து நின்றால், அது மரமா மிருகமா என்றே தெரியாதவன் எந்தத் தொகுதியைத் திறப்பான்? முழுவதையும் நெஞ்சில் ஏற்றியவனுக்குத்தான் நிகண்டு உதவும். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியில் சொற்களை அகர வரிசைக்குக் கொண்டுவந்தார். மானிப்பாய் அகராதி அந்த வழியிலேயே பெருப்பித்துப் போனது. அகர வரிசை தெரிந்த எவனும் சொல்லின் இடத்துக்கு நேரே போகலாம், அந்தச் சொல்லைப் பற்றி ஒன்றும் தெரியாமலே.

தடித்த டேட்டாபேஸ் புத்தகம் ஒவ்வொன்றுக்குள்ளும் இந்த இரண்டும் இருக்கின்றன. முன்னுக்கு இருக்கிற அத்தியாயங்கள் நிகண்டு. பின்னுக்கு இருக்கிற சொல்லடைவு, நாங்கள் இன்டெக்ஸ் என்கிறது, அகராதி. கடையில் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் எல்லாரும் முன்பக்கத்து உள்ளடக்கத்தைப் பார்த்து “ஓ, இதுவும் இருக்கு, அதுவும் இருக்கு” என்று மகிழ்ந்துவிட்டுக் காசைக் கொடுக்கிறார்கள். நான் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் திறப்பேன். அங்கே வைத்துத்தான் ஒரு உசாத்துணை நூல் நல்லதா இல்லையா என்று சொல்லலாம்.

எப்படிச் சோதிப்பது என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் சனசமூக நிலையம் இல்லாத குறிச்சி குறைவு. அங்கே ஒரு வாசிகசாலை, இரவல் கொடுக்கச் சில அலுமாரிப் புத்தகம், ஒரு சீஆர் கொப்பி. டேட்டாபேஸ் பழக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தக் கொப்பியைத்தான். புத்தகங்களில் வருகிற கம்பனி, ஊழியர், திணைக்களம் எல்லாம் யாருடையதோ. இந்தக் கொப்பி எங்களுடையது, அதோடு அழகான அலங்கோலம். ஒரே ஆளின் பெயர் ஓரிடத்தில் தலைப்பெழுத்து முன்னுக்கும், இன்னோரிடத்தில் பின்னுக்கும், மூன்றாவது இடத்தில் தலைப்பெழுத்தே இல்லாமல் “அண்ணை” சேர்த்தும் எழுதியிருக்கும். திருப்பித் தந்த திகதி என்ற நிரலில் சிலபேர் சரி அடையாளம் போட்டிருப்பார்கள். ஏன் அங்கத்தவரை ஒரு அட்டவணையிலும் இரவலை இன்னொரு அட்டவணையிலும் வைக்கச் சொல்கிறார்கள் என்று இந்தக் கொப்பியை அரைமணித்தியாலம் பார்த்த பிள்ளைக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சரி, இரண்டு அட்டவணை செய்தாயிற்று. அங்கத்தவர் ஒன்று, இரவல் ஒன்று. இப்போது நிலையத் தலைவர் கேட்கிறார்: “இதுவரைக்கும் ஒரு புத்தகமும் எடுக்காத அங்கத்தவர் ஆர் ஆர்?” பிள்ளை யோசித்து எழுதுகிறது: இரவல் அட்டவணையில் இல்லாத இலக்கங்களை உடைய அங்கத்தவர்களைத் தா. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கிற மொழியான எஸ்கியூஎல்லில் அதற்கு ‘நொட் இன்’ என்று ஒரு வழி. ஓட்டினால் விடை வெறுமை. ஒருத்தரும் இல்லையாம். பிழைச் செய்தியும் இல்லை. நிலையத்துக்கு வாசலால் எட்டிப் பார்த்தே இராத எத்தனையோ பேர் அங்கத்தவர் பட்டியலில் இருப்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் விடை பூச்சியம்.

நடந்தது என்னவென்றால், இரவல் கொப்பியில் ஒரே ஒரு வரியில் அங்கத்தவர் இலக்கம் எழுதப்படவில்லை. அந்த இடம் வெறுமை, ‘நல்’. அந்தப் புத்தகத்தை எடுத்தவர் யாராகவும் இருக்கலாம் அல்லவா? ஆகவே இரவலில் இலக்கம் வராத எந்த அங்கத்தவரைக் காட்டி “இவர் எடுக்கவில்லையா?” என்று கேட்டாலும் தரவுத்தளத்துக்கு அடித்துச் சொல்ல முடியாது. ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, “தெரியாது” என்று மூன்றாவது விடை ஒன்று எஸ்கியூஎல்லில் உண்டு. உறுதியாக ஆம் என்று வருகிற வரிகளை மட்டும்தான் அது வெளியே விடும். ஒரு வெற்றிடம் முழு விடையையும் விழுங்கிவிட்டது. ‘நொட் எக்சிஸ்ற்ஸ்’ என்று எழுதியிருந்தால் ஒழுங்கான பட்டியல் வந்திருக்கும்.

இனிப் புத்தகத்துக்கு வாருங்கள். உங்களுக்கு இந்தச் சிக்கலின் காரணம் தெரியாது, அறிகுறி மட்டும்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லடைவில் ‘நொட் இன்’ என்று தேடினால் ஏதாவது வருகிறதா? வந்தால், அந்தப் பக்கத்தில் இந்த வெற்றிடப் பொறியைப் பற்றி ஒரு வசனமாவது இருக்கிறதா? ‘நல்’ என்று தேடினால் ஒரே வரியில் இருபது பக்க எண்ணைக் கொட்டி வைத்திருக்கிறதா, அல்லது ஒப்பிடும்போது நல், கூட்டும்போது நல், அட்டவணைகளை இணைக்கிற ஜொயினில் நல் என்று பிரித்து வைத்திருக்கிறதா? பிரித்து வைத்த புத்தகத்தை ஆரோ ஒரு மனிசன் தேடுகிறவனை நினைத்துச் செய்திருக்கிறான். எண்ணைக் கொட்டி வைத்த புத்தகம் ஆயிரத்து நானூறு பக்கம் என்றாலும் எனக்கு வேண்டாம். கேள்வி கையில் இருக்கவேண்டும் என்று நான் சொன்னது இதற்காகத்தான். கொப்பியோடு நாலு நாள் கட்டிப்புரண்டவனுக்குத்தான் கடையில் நின்று எதைத் தேடிப்பார்ப்பது என்று தெரியும்.

அடுத்தது, எந்த வகைத் தடிப்பு? இதில்தான் கனபேர் தடக்கி விழுகிறார்கள். தடித்த டேட்டாபேஸ் நூல்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று கோட்பாட்டு நூல், மற்றது ஒரு குறிப்பிட்ட மென்பொருளுக்கான நூல். ‘ஒராக்கிள் முழு உசாத்துணை’, ‘மைஎஸ்கியூஎல் இன்ன பதிப்பு’ என்ற மாதிரி வருவதெல்லாம் இரண்டாவது சாதி.

கோட்பாடு மெதுவாகத்தான் கிழடாகும். ஐபிஎம் ஆய்வுகூடத்தில் இருந்த எட்கார் கொட் தொடர்புசார் மாதிரியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது 1970இல். பதினொரு பக்கம்தான். இயல்பாக்கம் என்று ஏ/எல் பிள்ளைகள் தலையைச் சொறிகிற மூன்று படிகளையும் அடுத்த ஓரிரு வருஷத்துக்குள் அவரே எழுதி முடித்துவிட்டார். எஸ்கியூஎல்லின் முதல் வடிவம் 1974. இன்றைக்கும் அதே அத்திவாரத்தில்தான் வங்கியும் ஓடுகிறது, பஸ் ரிக்கற் செயலியும் ஓடுகிறது. ஆகவே இருபது வருஷம் பழைய கோட்பாட்டு நூல் ஒன்றை வைத்துப் படித்தாலும் முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும்.

மென்பொருள் நூல் அப்படியில்லை. மைஎஸ்கியூஎல்லில் ஒரு விலை பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ‘செக்’ கட்டுப்பாடு எழுதலாம். பல வருஷமாக மைஎஸ்கியூஎல் அதை வாங்கி, ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கவனிக்காமலே விட்டது. பழைய புத்தகங்கள் அதைச் சரியாகவே குறித்தும் வைத்தன. 2019இல் 8.0.16 பதிப்போடு அது உண்மையாகவே வேலைசெய்யத் தொடங்கியது. வினவல் தற்காலிகச் சேமிப்பு, அதாவது குவெரி காஷ், அதை எப்படி முறுக்கி விடுவது என்று பழைய நூல்களில் பக்கம் பக்கமாக இருக்கும். 8.0இல் அந்த வசதியையே தூக்கி எறிந்துவிட்டார்கள். புத்தகம் பொய் சொல்லவில்லை, அது எழுதப்பட்ட நாளில் அது உண்மை. ஆனால் மாமா தூக்கிக்கொண்டு வருகிற பாரத்தில் பாதி இல்லாத ஊருக்கு வழி.

இதற்கு மேல், அந்தந்த மென்பொருளைச் செய்கிறவர்களே தருகிற கையேடு இலவசம். மைஎஸ்கியூஎல் போல இன்னொரு தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸின் கையேட்டைப் பிடிஎப் ஆக இறக்கினால் மூவாயிரம் பக்கத்தை ஒட்டி வரும். வருஷத்துக்கு ஒரு புதுப் பெரும்பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கையேடு, நீங்கள் பாவிக்கிற பதிப்பின் கையேட்டையே திறக்கலாம். எல்லாம் இருக்கிற புத்தகம் வேணும் என்றால் அது அதுதான், ஒரு சதமும் இல்லை. முதல் பகுதி சின்னப் பயிற்சி, அதை ஒருவர் இரண்டு மூன்று பின்னேரத்தில் முடிக்கலாம். பிறகு வருவது தேடுகிறதற்கு. மைஎஸ்கியூஎல் கையேடும் இலவசம்தான், ஆனால் எனக்கு போஸ்ட்கிரெஸ் கையேட்டின் எழுத்துத்தான் பிடிக்கும். ஏன் இப்படி என்று காரணம் சொல்கிற எழுத்து.

ஆக, கடதாசியில் காசு கொடுத்து வாங்குவதென்றால் கோட்பாட்டு நூலை வாங்குங்கள். அதிலும் நாலைந்து பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். என் கணிப்பைச் சொல்கிறேன், கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

எல்மாஸ்ரியும் நவாதேயும் எழுதியது எங்கள் பக்கத்தில் அதிகம் கண்ணில் படுவது. 1989இல் முதல் பதிப்பு, இப்போது ஏழாவது. ஒரு நிலைமையைப் பார்த்து அதிலிருந்து நிலைபொருள், உறவு என்று படம் கீறிப் பழக இதைவிட நல்லதை நான் காணவில்லை. பரீட்சைக்கு நல்லது. ஆனால் அத்தியாயங்கள் நீளம், எழுத்து வரட்சி, இரவு எட்டு மணிக்குப் பிறகு கண்ணைச் சொருகும். டேட் எழுதிய அறிமுக நூல் 1975இல் தொடங்கி எட்டுப் பதிப்புக் கண்டது. மனிசன் கொள்கைப் பிடிப்பானவர், எஸ்கியூஎல்லையே பிழை பிடிக்கிறவர், நல் என்ற சங்கதியை அடியோடு வெறுக்கிறவர். விவாதம் பிடித்தவர்கள் ரசித்துப் படிக்கலாம். முதல் புத்தகமாக வேண்டாம், வேலைத்தலத்தில் போய்ச் சண்டை பிடிப்பீர்கள். ராகு ராமகிருஷ்ணனும் கேர்க்கேயும் எழுதியதில் தரவுத்தளத்தின் உள்வீடு, வட்டில் எப்படி எழுதுகிறது, எப்படித் தேடுகிறது என்பது தெளிவு. ஆனால் மூன்றாம் பதிப்போடு நின்றுவிட்டது, இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கார்சியா மொலினா, உல்மன், விடம் மூவரும் தங்கள் நூலுக்கு ‘முழுமையான புத்தகம்’ என்றே பெயர் வைத்தார்கள். கணிதம் பிடித்தவர்களுக்கு நல்லது.

ஒன்றே ஒன்று என்றால் நான் சொல்வது சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன். மூன்றாமவர் மும்பாய் ஐஐரி பேராசிரியர். ஏழாவது பதிப்பு 2019இல் வந்தது. பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர், பாடம், ஆசிரியர் என்ற ஒரே உதாரணத்தைத் தொடக்கத்திலிருந்து கொண்டுபோகிறது, அந்த மாதிரித் தரவைத் தளத்திலிருந்து இறக்கி உங்கள் மெசினிலேயே ஓட்டிப் பார்க்கலாம். பயிற்சிக் கேள்விகளில் ஒரு பகுதிக்கு விடையும் இலவசமாகத் தளத்தில் இருக்கிறது. தனியப் படிக்கிற பிள்ளைக்கு, பக்கத்தில் கேட்க ஆளில்லாத பிள்ளைக்கு, இது பெரிய விசயம். நடுவில் ஒரு அத்தியாயத்தைத் திறந்தாலும் பெரும்பாலும் தனியே விளங்கும். தேடுகிறவனுக்கு அதுதான் வேண்டும்.

இந்த நூல்கள் எல்லாவற்றிலும் ஒரு சங்கதி குறைவாகவே இருக்கும், அது எங்கள் சங்கதி. ‘மானிப்பாய்’ என்று ஊர் நிரலில் எழுதுங்கள். எங்கள் கணக்குக்கு ஐந்து எழுத்து: மா, னி, ப், பா, ய். தரவுத்தளத்தின் கணக்குக்குப் பத்து, ஏனென்றால் விசிறியும் அரவும் குற்றும் தனித்தனிக் குறியீடு. வட்டில் இடம் பிடிப்பது யுரிஎப்-8இல் முப்பது பைட். நிரலுக்குப் பத்து எழுத்து இடம் என்று வைத்தால் மானிப்பாய் சொல்லி வைத்தமாதிரி அடங்கும். யாழ்ப்பாணம் பதினொன்று, அடங்காது. மைஎஸ்கியூஎல் கடுமையான முறையில் இருந்தால் பிழை சொல்லி மறுக்கும். தளர்வாக விட்டிருந்தால் கடைசிக் குற்றை வெட்டிவிட்டு ‘யாழ்ப்பாணம’ என்று எழுதி வைக்கும். பழைய மைஎஸ்கியூஎல்லில் எழுத்துக் கூட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் லத்தீன்தான் இயல்புநிலை, அப்போது ஊர்ப்பெயர் கேள்விக்குறிகளாகத் திரும்பி வரும். 8.0இல்தான் யுரிஎப்-8 இயல்புநிலை ஆனது.

அடுக்குவதிலும் வில்லங்கம். யூனிகோடு தமிழ் எழுத்துகளுக்குக் கொடுத்த எண் வரிசையும் எங்கள் நெடுங்கணக்கும் ஒன்றல்ல. அங்கே னகரம் நகரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறது, எங்களுக்கு அது கடைசி மெய். வெறும் எண் வரிசைப்படி அடுக்கினால் ஆனைக்கோட்டை முன்னும் ஆவரங்கால் பின்னும் வரும். நெடுங்கணக்குப்படி ஆவரங்கால்தான் முன்னுக்கு. போஸ்ட்கிரெஸில் 2017இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து, மொழிக்கு மொழி அடுக்குகிற ஐசியூ ஒழுங்குகள் இருக்கின்றன. தமிழ் ஒழுங்கைப் போட்டால் சரியாக வரும். சனசமூக நிலையத்தில் பட்டியல் ஒட்டும்போது ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வந்து பிழை பிடிக்காமல் தப்பலாம். இதைத் தேட எந்தத் தடித்த நூலையும் நம்பாதீர்கள், கையேட்டில் எழுத்துக்கூட்டம், ஒழுங்கு என்ற பகுதிகளுக்குப் போங்கள்.

கேள்வி வரவேண்டும் என்றால் முதலில் ஏதோ ஒன்றைப் படித்துத்தானே ஆகவேண்டும், அது எது என்று கேட்பீர்கள். மெல்லிய புத்தகம். தமிழிலேயே தொடங்கலாம்: து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ இன்ரநெற்றில் இலவச மின்னூலாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டுச் சொற்கள் சில எங்கள் பாடப்புத்தகச் சொற்களிலிருந்து வேறுபடும், ஒரு கிழமையில் பழகிவிடும். ஆங்கிலம் ஓடும் என்றால் பென் போர்ட்டாவின் பத்து நிமிடப் பாடங்கள், இல்லாவிட்டால் அலன் போலியூவின் எஸ்கியூஎல் நூல். வேலைக்குப் போய், “ஏன் இந்த வினவல் இப்பிடி இழுபடுது?” என்று கேட்கத் தொடங்கியவர்களுக்கு மார்க்குஸ் வினான்ட் எழுதிய ஒரு சின்னப் புத்தகம் உண்டு. தேடலை வேகமாக்கத் தரவுத்தளம் தனக்கென்று வைத்திருக்கிற இன்டெக்ஸ்களை, அதாவது சுட்டிகளைப் பற்றி மட்டுமே பேசும். இருநூறு பக்கத்துக்குள் அவர் சொன்னதைப் பெரிய நூல்களில் கிண்டி எடுக்க நேரம் போகும்.

மெலிவு முதல், தடிப்புப் பிறகு என்ற இந்த வரிசைக்கும் மானிப்பாயில் ஒரு முன்னோடி இருக்கிறார். கிறீன் வைத்தியர். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருஷம் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். இன்றைக்கும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று அவர் பேரில் ஆசுப்பத்திரி நிற்கிறது. மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க நூல் வேண்டுமே. அவர் எடுத்த எடுப்பில் பெரிய உடற்கூற்று நூலில் கை வைக்கவில்லை. 1850களில் முதலில் வந்தது கட்டர் என்ற அமெரிக்கர் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எழுதிய உடற்கூறு, உடற்றொழில், சுகாதார நூலின் தமிழ். பிறகு பிரசவ வைத்தியம். 1867இல் இரண வைத்தியம், அறுவைக்கான நூல். கிறேயின் உடற்கூற்று நூல், இன்றைக்கும் மருத்துவ பீடப் பிள்ளைகள் தோளில் காவுகிற அதே கிறே, ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் வந்தது 1872இல். பள்ளிப் புத்தகத்திலிருந்து கிறே வரைக்கும் பத்து வருஷத்துக்கு மேல். இடையில் அவரிடம் படித்தவர்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் திட்டம் போட்டுத்தான் இந்த வரிசையில் செய்தார் என்று நான் வாதிட மாட்டேன், நேரமும் காசும் கூடக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனாலும் கற்பிக்கிறவன் கண்ணுக்கு அந்த வரிசை நல்ல வரிசை.

“இதெல்லாம் ஏன் அண்ணை, சட்ஜிபிடியிட்டக் கேட்டாச் சரிதானே” என்றும் சிலபேர் சொல்கிறார்கள். கேளுங்கள். நானும் கேட்கிறேன். நீங்கள் பாவிக்கிற மென்பொருளின் பதிப்பெண்ணைச் சேர்த்துக் கேளுங்கள், வந்த விடையைக் கொப்பியின் தரவில் ஓட்டிப் பாருங்கள். விடை வெறுமையாக வந்தால் ஏன் வெறுமை என்று சந்தேகப்பட உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சந்தேகத்தை எந்தப் பெட்டியும் தானாகத் தராது. யூரியூப்பும் அப்படித்தான். ஜொயின் என்றால் என்ன என்று விளங்கப் படம் நல்லது. நாற்பதாவது நிமிடத்தில் சொன்ன ஒன்றைத் திரும்பத் தேடிப் பிடிக்கிற கரைச்சல் இருக்கிறதே, அது நிகண்டைவிட மோசம்.

கடைசியாக வாங்குகிற விசயம். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு வெளிநாட்டுப் பதிப்பின் விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். லண்டன் மாமாவிடம் சொல்லி விடுவதற்கு முன், இந்தியப் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நான் மேலே சொன்னவற்றில் பலதுக்கு உண்டு. அட்டையில் இந்தியா, நேபாளம், இலங்கை என்று நாடுகளின் பெயரைப் போட்டு அங்கே மட்டும் விற்க என்று அச்சிட்டிருக்கும். கடதாசி மெலிவு, படம் கறுப்பு வெள்ளை, விலை பல மடங்கு குறைவு. ஆனால் சில இந்தியப் பதிப்புகளில் கடைசி அத்தியாயங்களைப் புத்தகத்தில் போடாமல் தளத்தில் மட்டும் விடுவார்கள், உள்ளடக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். சென்னைக்குப் போகிற ஆரும் இருந்தால் அவரைப் பிடிப்பது லண்டன் மாமாவைவிடப் புத்திசாலித்தனம்.

கொழும்புக்குப் போனால் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளையும் எட்டிப் பாருங்கள். பழைய பதிப்பு வாங்கலாமா என்றால், கோட்பாட்டு நூலுக்கு ஒரு பதிப்புப் பிந்தினாலும் யோசிக்க வேண்டாம். சில்பர்ஷாட்ஸின் ஆறாம் பதிப்புக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். புதுப் பெருந்தரவு அத்தியாயங்கள்தான் குறையும், அவை முதல் வருஷத்தில் உங்களுக்குத் தேவையும் இல்லை. பயிற்சி எண்கள் மாறியிருக்கும், விரிவுரையாளர் ஏழாம் பதிப்பிலிருந்து வீட்டுவேலை தந்தால் கூட்டாளியிடம் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வாங்குங்கள். ‘ஒராக்கிள்’, ‘அக்செஸ்’ என்று முதுகில் பெரிய எழுத்தும் இலக்கமும் போட்ட தடியன்களைக் கடைக்காரர் மலிவாகத் தருவார். எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிட்டு வாருங்கள்.